மேக்பெத்தை முதல்முறை வாசிக்கிறவர்களுக்கு: பதவி ஆசையைக் காட்சி காட்சியாகப் பின்தொடர ஒரு வழி

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டால், படித்தவரும் படிக்காதவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பேராசையால் அழிந்தவன் கதை. பதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் பாதி வழியில் தடுமாற வேண்டியிருக்கும். ஆசைப்பட்ட கிரீடம் இரண்டாம் அங்கம் முடியும்போதே அவன் கைக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் மிச்சம் மூன்று அங்கங்களில் என்ன நடக்கிறது? அழிவின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. முதல்முறை வாசிப்பவர்கள் கோட்டை விடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

உட்காருவதற்கு முன்

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. சுமார் 2,100 வரிகள். 1606 வாக்கில் எழுதப்பட்டு, 1623இல் வெளிவந்த தொகுப்பில் முதன்முதலாக அச்சானது. பெரும்பாலான பதிப்புகளில் 28 காட்சிகள் இருக்கும்: முதல் அங்கத்தில் 7, இரண்டில் 4, மூன்றில் 6, நான்கில் 3, ஐந்தில் 8. கடைசி அங்கத்தின் போர்க்காட்சிகளைச் சில பதிப்பாசிரியர்கள் இன்னும் துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஆகவே ஐந்தாம் அங்கத்துக் காட்சி எண்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறினால் பயப்பட வேண்டாம்.

இடப்பக்கம் குறிப்பும் வலப்பக்கம் மூலமும் இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். குறிப்புகள் புத்தகத்தின் கடைசியில் இருந்தால், விரலை இரண்டு இடத்தில் வைத்துப் புரட்டிப் புரட்டியே வேகம் போய்விடும். இக்கால ஆங்கிலத்தில் எளிமைப்படுத்திய பதிப்புகளைக் கதை தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்த நாடகம் முழுக்க இரட்டை அர்த்தத்தில் நிற்கிறது. எளிமைப்படுத்துகிறவர்கள் முதலில் தேய்த்து அழிப்பது அதைத்தான்.

மூன்று நாள் போதும். முதல் நாள் முதல் இரண்டு அங்கங்கள், அடுத்த நாள் மூன்றாவது, கடைசி நாள் மீதி. முழுவதையும் உரக்கப் படித்தாலே இரண்டரை மணி நேர அளவில் முடிந்துவிடும். உரக்கப் படிப்பதுதான் நல்லது. மேடைக்கு எழுதியது அது, காதுக்குப் போனால் பாதி அர்த்தம் தானாக விளங்கும்.

இன்னும் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மேக்பெத்துக்கு இருக்கும் பட்டத்தைத் தமிழில் அப்படியே எழுதினால் ‘தேன்’ என்று வந்து நிற்கும். நம் தேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரசனுக்குக் கட்டுப்பட்ட குறுநிலத் தலைவன் என்று பொருள். அடுத்தது ‘பேராசை’. தமிழில் இந்தச் சொல் உடனே பொன்னையும் பொருளையும் கண்முன் கொண்டுவந்துவிடும். மேக்பெத்துக்குப் பணத்தில் நாட்டமே இல்லை. ‘இலட்சியம்’ என்றால் பாராட்டு ஆகிவிடுகிறது. பதவி ஆசை, அதிகார வேட்கை என்று வைத்துக்கொண்டால் கதையோடு ஒட்டும். மூலத்தில் இதற்கான ஆங்கிலச் சொல் (ambition) 1.5, 1.7, 2.4 ஆகிய காட்சிகளில் வருகிறது. மூன்றும் நாடகத்தின் முற்பாதியில் என்பதைக் கவனியுங்கள். (1.5 என்றால் முதல் அங்கம், ஐந்தாம் காட்சி. இனி இப்படியே குறிப்பிடுகிறோம்.)

முதல் படி: சூனியக்காரிகள் சொல்லாததைக் குறித்துவையுங்கள்

1.3இல் மூன்று சூனியக்காரிகள், போரில் வென்று திரும்பும் ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத்தை மூன்று விதமாக வாழ்த்துகிறார்கள்: கிளாமிஸ் தலைவன், காடர் தலைவன், பின்னாளில் அரசன். முதலாவது அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவதை டங்கன் மன்னர் முந்தைய காட்சியிலேயே கொடுத்துவிட்டார், அவனுக்குச் செய்திதான் வந்து சேரவில்லை. ஆக, சொன்னதில் மூன்றாவது மட்டும்தான் வருங்காலம்.

இப்போது அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள். ‘கொலை செய்’ என்று எங்கேயும் இல்லை. ‘கொலை’ என்ற சொல் முதலில் வருவது மேக்பெத்தின் வாயில், யார் காதிலும் விழாமல் அவன் தனக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில். அடுத்த சில வரிகளிலேயே ‘விதி என்னை அரசனாக்க நினைத்தால் நான் அசையாமலே ஆக்கட்டுமே’ என்றும் நினைக்கிறான். இரண்டு வரிகளுக்கும் அடிக்கோடு போடுங்கள். ‘சூனியக்காரிகள்தான் அவனைக் கெடுத்தார்கள்’ என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் இந்த இரண்டு வரிகளைத் தாண்டிப் போனவர்கள்.

பக்கத்திலேயே சக தளபதி பாங்கோ நிற்கிறான். அவனுக்கும் வாக்குக் கிடைக்கிறது: நீ அரசனாக மாட்டாய், உன் வம்சம் அரசாளும். அவனுக்கும் ஆசை எழாமல் இல்லை. 2.1இல் தூக்கம் கண்ணை அழுத்தியும் தூங்க மனமில்லாமல், மனத்தில் வரும் கெட்ட நினைப்புகளைத் தடுக்கச் சொல்லித் தெய்வ சக்திகளை வேண்டுகிறான். 3.1இல் மேக்பெத்மேல் சந்தேகம் வந்த பிறகும் வாயைத் திறப்பதில்லை, தனக்குச் சொன்னதும் பலிக்குமோ என்ற நப்பாசை. விதை ஒன்றுதான், ஒருவன் தண்ணீர் ஊற்றவில்லை என்பதற்காக அவனைப் புனிதன் ஆக்கிவிட வேண்டாம். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹோலின்ஷெட் வரலாற்று நூலில் பாங்கோ கொலைச் சதிக்கே உடந்தை. 1603இல் இங்கிலாந்தின் அரியணைக்கு வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னர் தம்மைப் பாங்கோ வழி வந்தவர் என்று கருதினார். மன்னரின் மூதாதையை மேடையில் கொலைகாரனாக நிறுத்தத் துணிந்தவர் யார்? அதனால் உடந்தை போய்விட்டது. ஆனாலும் அந்த மௌனத்தை ஷேக்ஸ்பியர் விட்டுவைத்தார்.

இரண்டாம் படி: தடை எப்போது வந்தது என்று பாருங்கள்

1.4 சின்னக் காட்சி. டங்கன் தம் மூத்த மகன் மால்கமை இளவரசனாக அறிவிக்கிறார். இதில் என்ன அதிர்ச்சி என்று நமக்குத் தோன்றும், மூத்த மகனுக்குத்தானே பட்டம்? பழைய ஸ்காட்லாந்தில் அப்படியில்லை. அரச குலத்துக்குள் தகுதியான ஆண் ஒருவனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. டங்கனின் உறவினன், போரை வென்று கொடுத்தவன் என்ற முறையில் மேக்பெத் நேர்வழியிலேயே எதிர்பார்த்திருக்க முடியும். அந்த வாசல் இங்கே அடைபடுகிறது. விண்மீன்களை விளக்கணைக்கச் சொல்லி அவன் வேண்டுவது இதற்கு அடுத்த கணம்தான்.

மூன்றாம் படி: 1.7இல் அரை மணி நேரம் செலவழியுங்கள்

நாடகம் முழுவதற்கும் திறவுகோல் இந்தக் காட்சி. தன் கோட்டைக்கு வந்த டங்கனுக்கு நடக்கும் விருந்திலிருந்து எழுந்து தனியே வந்து மேக்பெத் பேசும் தனிமொழியை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு பக்கம் ‘கொல்லக் கூடாது’, மறுபக்கம் ‘கொல்லலாம்’.

கூடாது என்ற பக்கம் சீக்கிரம் நிரம்பும். நாம் கற்றுக்கொடுக்கும் இரத்தப் பாடம் நம்மிடமே திரும்பி வரும். அவர் உறவினர். நான் அவருடைய குடிமகன். என் வீட்டு விருந்தாளி, கதவை அடைத்துக் காக்க வேண்டியவனே கத்தியைத் தூக்குவதா? நல்ல அரசர் வேறு, செத்தால் ஊரே அழும். மறுபக்கத்தில் ஒன்றே ஒன்று: தாவத் துடிக்கும் ஆசை. அதையும் அவன் புகழவில்லை. குதிரைமேல் ஏற வேண்டியவன் வேகம் அதிகமாகி மறுபக்கம் போய் விழுகிற மாதிரி என்கிறான். எட்டாமல் தோற்பவன் அல்ல, தாண்டி விழுபவன். தன் முடிவை இவ்வளவு சரியாக முன்கூட்டியே சொல்லிவிட்டு அதே குழியில் இறங்குகிறான் என்பதுதான் இந்த நாடகத்தின் பயங்கரம். அறியாமை என்று அவனுக்காக வாதாட முடியாது.

‘இதோடு விட்டுவிடுவோம்’ என்று மனைவியிடம் சொல்லவும் செய்கிறான். பிறகு எப்படி மாறுகிறான்? லேடி மேக்பெத்தின் பேச்சைக் கூர்ந்து பாருங்கள். கிரீடம் எவ்வளவு உயர்ந்தது என்று அவள் விவரித்து மயக்குவதே இல்லை. நீ ஆண்பிள்ளையா என்கிறாள். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்கிறாள். கடைசியாகத் திட்டத்தைச் சொல்கிறாள்: காவலாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்து, இரத்தத்தை அவர்கள்மேல் பூசிவிடுவது. அவன் மனம் அசைவது திட்டத்தைக் கேட்டதும்தான். அதற்குச் சற்று முன்தான் ‘தோற்றுவிட்டால்?’ என்று கேட்டிருந்தான். கூடாது என்ற பக்கத்தில் எழுதிய எந்தக் காரணத்துக்கும் பதில் வரவில்லை. மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற உறுதி மட்டும் கிடைத்தது. உங்கள் குறிப்பேட்டில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

நான்காம் படி: கொலைகளை வரிசையாக அடுக்குங்கள்

ஒரு தாளில் ஒவ்வொரு கொலைக்கும் நான்கு விவரம்: எவ்வளவு யோசித்தான், யார் கை, மனைவிக்குத் தெரியுமா, அவனுக்கு என்ன லாபம்.

டங்கன்: 1.3இல் நினைப்பு வந்து 2.1இல் மணி அடிக்கும்வரை யோசனை. சொந்தக் கை. மனைவி கூட்டாளி. லாபம் கிரீடம். கொலையை மேடையில் காட்டுவதில்லை. பல திரைப்படங்கள் காட்டிவிடுகின்றன, ஆகவே முதலில் படித்துவிட்டுப் பிறகு படம் பாருங்கள். நாடகம் நமக்குக் கொடுப்பது 2.2இல் கணவனும் மனைவியும் இருட்டில் பேசும் துண்டு துண்டான வார்த்தைகளைத்தான்.

காவலாளிகள் இருவர் (2.3): திட்டத்தில் இல்லாதது, இரத்தம் பூசுவதோடு நிறுத்துவதாகத்தான் பேச்சு. திடீரென்று அவனே வெட்டுகிறான், பிறகு அரசர்மேல் கொண்ட பாசத்தில் செய்துவிட்டதாகச் சொல்கிறான். மனைவிக்கும் இது புதுச் செய்தி, அங்கேயே மயங்கி விழுகிறாள். நிஜ மயக்கமா, பேச்சைத் திருப்பப் போட்ட நடிப்பா என்று மூலம் சொல்லவில்லை. ஒரு பக்கம் சாய வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் இல்லை.

பாங்கோ (3.1 முதல் 3.3 வரை): ஒரே தனிமொழியில் முடிவு. கூலியாட்கள் கை. அவர்களை இணங்கவைக்க அவன் பயன்படுத்தும் வாதம் எது தெரியுமா? ‘நீங்களெல்லாம் ஆண்பிள்ளைகளா?’ மனைவி தன்மேல் வீசிய ஆயுதத்தையே எடுத்து அடுத்தவர்மேல் வீசுகிறான். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லவில்லை, செல்லப் பெயர் சொல்லி அழைத்து ‘உனக்கு இது தெரிய வேண்டாம்’ என்கிறான். லாபம் என்று பார்த்தால் பாதிதான்: மகன் ஃபிளீயன்ஸ் தப்பிவிடுகிறான்.

மேக்பெத்தை எதிர்க்கும் தலைவன் மேக்டஃபின் மனைவியும் குழந்தைகளும் (4.1, 4.2): முடிவெடுக்கச் சில வரிகள்தான். இனி மனத்தில் தோன்றியது உடனே கையில் நடக்கும் என்று அறிவிக்கிறான். கூலியாட்கள். லேடி மேக்பெத் இந்தப் பகுதியில் மேடையிலேயே இல்லை. லாபம் ஒன்றுமில்லை. மேக்டஃப் அதற்குள் இங்கிலாந்துக்குப் போய்விட்டான், அவன் வீட்டுக் குழந்தைகளால் கிரீடத்துக்கு ஆபத்தும் இல்லை.

தாளை இப்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். யோசனை சுருங்கிக்கொண்டே வருகிறது. கை தூரமாகிக்கொண்டே போகிறது. லாபம் கடைசியில் பூஜ்யம். டங்கனுக்குப் பிறகு இயங்குவதற்கு ஆசை என்று பெயர் வைக்க முடியாது, அது பயம். ‘இப்படி இருப்பது ஒன்றுமில்லை, பத்திரமாக இருக்க வேண்டும்’ என்று 3.1இல் அவனே சொல்கிறான். முன்பு நாம் எண்ணிய அந்த ஆங்கிலச் சொல் பிற்பாதியில் ஏன் தலைகாட்டவில்லை என்பதற்கும் இதுதான் விடை. 3.4இன் கடைசியில், இரத்த ஆற்றில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் அக்கரை போவதும் ஒரே அலுப்பு என்கிறான். பலர் இதைக் குற்ற உணர்ச்சி என்று குறித்துக்கொள்கிறார்கள். அவன் சொன்னது அலுப்பு. குற்ற உணர்ச்சி 2.2இல் இருந்தது.

ஐந்தாம் படி: தூக்கத்தை மட்டும் தனியாகப் பின்தொடருங்கள்

இந்த நாடகத்தில் இரத்தம், உடை, இருட்டு என்று பல சரடுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பிடிக்கப் போனால் எதுவும் நிற்காது. தூக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை முடிந்த கையோடு ‘மேக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான்’ என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்கிறான் (2.2). இரவுதோறும் கெட்ட கனவுகள், செத்துப்போன டங்கன் நிம்மதியாகத் தூங்குகிறாரே என்று பொறாமை (3.2). பாங்கோவின் ஆவியைக் கண்டு விருந்தையே குலைத்த பிறகு, ‘உங்களுக்குத் தூக்கம் இல்லை’ என்று மனைவி சொல்கிறாள் (3.4). அதற்குப் பிறகு நான்காம் அங்கம் முழுக்க அவள் வருவதில்லை. மறுபடி வரும்போது தூக்கத்தில் நடந்துகொண்டு வருகிறாள் (5.1).

அவனுக்குத் தொடங்கிய நோய் அவளிடம் போய் முற்றுகிறது. ‘கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவிவிடலாம்’ என்று 2.2இல் சொன்னவள், 5.1இல் அரேபியாவின் வாசனைத் திரவியங்கள் அத்தனையும் இந்தச் சின்னக் கையை மணக்கச் செய்யாது என்கிறாள். 1.5இல் இருட்டைக் கூப்பிட்டவள் பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று கட்டளை. அவள் பேச்சு இங்கே செய்யுளிலிருந்து உரைநடைக்கு இறங்கிவிடுவதையும் பாருங்கள். விரிசல் முன்பே இருந்தது: தூங்கும் டங்கன் தன் தகப்பனாரைப் போல் இல்லாதிருந்தால் தானே முடித்திருப்பேன் என்று 2.2இல் அவள் வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். அவளை அரக்கி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்த வரிக்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

மேக்பெத் எதிர்த்திசையில் போகிறான். அன்று கதவு தட்டும் சத்தத்துக்கு நடுங்கியவன், 5.5இல் பெண்கள் அலறும் சத்தம் கேட்டும் பயத்தின் ருசியே மறந்துபோனதாகச் சொல்கிறான். அடுத்த நிமிடம் மனைவி இறந்த செய்தி வருகிறது. 1.5இன் கடிதத்தில் அவளைப் ‘பெருமையில் என் பங்காளி’ என்று அழைத்திருந்தான். (நம் ஊர்ப் பங்காளிச் சண்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது நல்ல அர்த்தத்தில்.) இப்போது அழுவதற்குக்கூட அவனிடம் எதுவும் இல்லை, நாளை, நாளை, நாளை என்று நாள்கள் ஊர்வதைப் பற்றிப் பேசிவிட்டுப் போருக்குப் போகிறான்.

எங்கே வேகமாகப் போகலாம், எங்கே கூடாது

3.5ஐக் கண்ணோட்டமாகப் பார்த்தால் போதும். சூனியக்காரிகளின் தலைவி ஹெகேட் வரும் இந்தக் காட்சி தாமஸ் மிடில்டன் என்ற நாடகாசிரியர் பின்னர் சேர்த்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். போர்க்காட்சிகளும் வேகமாக ஓடும்.

4.3 மட்டும் நீளமாக, உயிரில்லாததுபோல் தோன்றும். தாண்டாதீர்கள். இங்கிலாந்தில் மால்கம், மேக்டஃபைச் சோதிப்பதற்காகத் தன்மேல் இல்லாத தீய குணங்களையெல்லாம் சொல்லிக்கொள்கிறான், அரசனுக்கு வேண்டிய 12 குணங்களை அடுக்கி, ஒன்றுகூட என்னிடம் இல்லை என்கிறான். அந்தப் பட்டியலை மேக்பெத்தோடு பொருத்திப் பாருங்கள். கடைசி அடுக்கில் துணிச்சலும் வரும். அது அவனிடம் இருந்தது, மற்றவை இல்லாத இடத்தில் அது என்ன செய்தது என்பதையும் பார்த்துவிட்டீர்கள். இதே காட்சியில்தான் மேக்டஃபுக்குக் குடும்பம் அழிந்த செய்தி வருகிறது. ஆண்பிள்ளையாகத் தாங்கிக்கொள் என்கிறான் மால்கம். ஆண்பிள்ளையாக அதை உணரவும் வேண்டும் என்று மேக்டஃப் பதில் சொல்கிறான். 1.7இல் தொடங்கிய ‘நீ ஆண்பிள்ளையா’ என்ற கேள்விக்கு நாடகத்தில் கிடைக்கும் ஒரே நேர்மையான பதில் அது.

5.3இல் உங்கள் கணக்கை மேக்பெத்தே எழுதித் தருகிறான். முதுமைக்குத் துணையாக வர வேண்டிய மரியாதை, அன்பு, பணிவு, நண்பர் கூட்டம் எதையும் நான் எதிர்பார்க்க முடியாது என்கிறான். 1.7இல் ‘இப்போதுதான் எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்’ என்று கொலையைத் தள்ளிப்போடச் சொன்னவன் அவன்தான். இரண்டையும் அம்புக்குறியால் இணையுங்கள்.

கட்டுரை எழுதும்போது வழக்கமாக நடக்கும் பிழைகள்

அரிஸ்டாட்டில் சொன்ன ‘ஹமார்ஷியா’வை (துன்பியல் நாயகனை வீழ்த்தும் குறை என்று வழக்கமாகச் சொல்வது) முதல் வரியிலேயே ஒட்டிவிட்டு, பதவி ஆசைதான் அந்தக் குறை என்று முடித்துவிடுவது முதல் பிழை. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் குறி தப்புதல். குணத்தைச் சொன்னால் போதாது, எந்த இடத்தில் எதைச் செய்து தப்பினான் என்று காட்ட வேண்டும். 1.7இன் இரண்டு நெடுவரிசை அதற்குத்தான்.

உண்மை வரலாற்றைக் கலப்பது அடுத்தது. வரலாற்று மேக்பெத் 1040 முதல் 1057 வரை 17 ஆண்டு ஆண்டவன், டங்கனும் வயதானவர் அல்ல, படுக்கையில் சாகவும் இல்லை, போரில் இறந்தவர். இதைப் பின்னணியாக ஒரு வரியில் சொல்லலாம், நாடகத்து மேக்பெத்தைத் தற்காக்க இதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மூன்றாவது பிழை கடைசிப் பக்கத்தில் காத்திருக்கிறது. வெற்றி பெற்ற மால்கம், ‘செத்துப்போன கசாப்புக்காரன், பேய் போன்ற அவன் ராணி’ என்று இருவரையும் ஒரே வரியில் முடித்துவிடுகிறான். பல விடைத்தாள்கள் அதையே தீர்ப்பாக எடுத்து எழுதுகின்றன. மால்கம் 1.7இன் தனிமொழியைக் கேட்டவனில்லை. 2.2இல் கதவுக்கு இந்தப் பக்கமும் 5.1இல் விளக்கு வெளிச்சத்திலும் நின்றவனில்லை. நீங்கள் நின்றிருக்கிறீர்கள்.